"நல்லா கொதிக்க வச்சுத்தான் டாக்டர் கொடுத்தேன்"

திங்கட்கிழமை காலை என் கிளினிக்கில் முதல் பத்து டோக்கனில் இரண்டு மூன்று வாந்தி பேதியாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மீனோ கறியோ இல்லாத வீடு கடலூரில் குறைவு. அதில் மிச்சம் வைக்காத வீடு இன்னும் குறைவு. இது எனக்குப் பழகிப்போன கணக்குதான். ஆனால் இந்த வாரம் ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அம்மா, ஒன்பது வயதுப் பையன், பையனின் சித்தி. பையன் பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தான், உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது.

மதியம் 1 மணிக்கு ஃபிரைடு ரைஸ் பார்சல் வாங்கியிருக்கிறார்கள். பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைக் கவரோடு சமையல் மேடையில் வைத்துவிட்டார்கள். இரவு 9 மணிக்கு வாணலியில் போட்டு, ஆவி பறக்கக் கிளறி மூவரும் சாப்பிட்டிருக்கிறார்கள். பதினொன்றரைக்குப் பையனுக்கு முதல் வாந்தி. நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த அம்மா சொல்லிவிட்டார்: "நல்லா கொதிக்க கொதிக்க சுட வச்சுத்தான் டாக்டர் கொடுத்தேன். அந்தக் கடைக்காரனைச் சும்மா விடக்கூடாது."

இந்த "சுட வச்சுத்தான் கொடுத்தேன்" என்ற வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சுடவைத்தால் கிருமி சாகும், சரி. ஆனால் சாகும் முன்பு அது சோற்றில் கக்கிவிட்டுப் போன நஞ்சு சாகாது. அதற்கு உயிரே இல்லை, எப்படிச் சாகும்? குழம்பில் உப்பு கூடிப்போனால் கொதிக்கவைத்துக் குறைக்க முடியுமா? கொதிக்கக் கொதிக்க இன்னும் கரிக்கத்தான் செய்யும். இதுவும் அப்படித்தான். சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் வாந்தி நஞ்சு, 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அசையாது. உங்கள் குக்கர் எத்தனை விசில் விட்டாலும் அந்தச் சூட்டைத் தாண்டப்போவதில்லை. அடுப்பில் வைத்த வாணலி எம்மாத்திரம்? மாவு பிசையும் கையில், மூக்கைத் தொட்ட விரலில் இருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் சூட்டுக்கு மசியாத இனம்தான்.

இன்னொன்று. பேசிலஸ் கிருமியின் விதை அரிசியிலேயே இருக்கிறது. சோறு வேகும் சூட்டிலும் அந்த விதை பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறி, 60 டிகிரிக்குக் கீழே இறங்கி, வெளியே கிடக்கும்போது முளைத்துப் பெருகும். அதனால் "நான் சுத்தமாத்தான் சமைப்பேன்" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சுத்தத்தைப் பற்றி நான் பேசவில்லை. வெளியே கிடந்த நேரத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபிரைடு ரைஸ் உதிரியாக வர வேண்டும் என்று முதல் நாளே வடித்துக் கூடையில் கொட்டி, ராத்திரி முழுக்க அப்படியே ஆறவிடுகிறார்களே, அந்த வேலை வேண்டாம். வெளிநாட்டில் 1970களில் இந்த வாந்தி நோயைக் கண்டுபிடித்ததே இப்படி ஆறவைத்த சோற்றில் செய்த ஃபிரைடு ரைஸில்தான். ஆனால் எல்லாப் பழியையும் கடையின் தலையில் போடவும் எனக்கு மனம் வருவதில்லை. மதியம் வாங்கியதை மதியமே சாப்பிட்டபோது மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே! எட்டு மணி நேரம் மேடையில் கிடந்தது யார் வீட்டில்?

உடனே அடுத்த கேள்வி வரும்: "அப்போ எங்க பாட்டி பழைய சோறு சாப்பிட்டு தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாங்களே?" இருந்தார்கள், நானும் பழைய சோறு சாப்பிடுகிறவன்தான். ஆனால் பாட்டி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார். ராத்திரியில் அது புளித்தது. புளிப்பு ஏற ஏறக் கெட்ட கிருமிகள் வளர்வது கஷ்டம். நீங்கள் வைத்தது தண்ணீர் ஊற்றாத, எண்ணெய் போட்டு வதக்கிய, முட்டை கலந்த சோறு. அதை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்துவிட்டுப் பழைய சோறு என்று பெயர் சொன்னால் பாட்டி ஒத்துக்கொள்ளமாட்டார்.

மீனுக்கு வருகிறேன். தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர், பிறந்ததிலிருந்து மீன் சாப்பிட்டே வளர்ந்தவர், இரண்டு வருஷமாக மீனைத் தொடாமல் இருந்தார். ஒரு நாள் சூரை மீன் சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலித்து, நெஞ்சு படபடத்திருக்கிறது. யாரோ "மீன் அலர்ஜி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அதே குழம்பைச் சாப்பிட்ட மனைவிக்கும் மச்சானுக்கும் முகம் சிவந்ததா என்று கேட்டேன். "ஆமா, அவங்களுக்கும்தான்" என்றார். மூன்று பேருக்கு ஒரே நாளில் ஒரே நேரத்தில் அலர்ஜி வருமா, ஐயா? சூரை, கானாங்கத்தை, மத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும், அலர்ஜி மாதிரியே முகத்தைச் சிவக்கவைப்பது அதுதான். அதுவும் கொதிக்கவைத்தால் போகாது. பெரும்பாலும் நாற்றத்திலும் தெரியாது, சில சமயம் நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். (உண்மையான மீன் அலர்ஜியும் உண்டு. மூச்சு இரைத்தாலோ தொண்டை அடைத்தாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.) முதுநகரில் மீன் வாங்கி, வண்டி ஹேண்டிலில் கவரை மாட்டிக்கொண்டு, வழியில் நாலு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறீர்களே, மீன் கெடுவது அங்கேதான். மீனைக் கடைசியாக வாங்குங்கள். இருபது ரூபாய் ஐஸுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

மற்றபடி விதி ஒன்றுதான். சமைத்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நம் ஊர் மே மாத வெயிலில் ஒரு மணி நேரம். "சூட்டோட வச்சா ஃபிரிட்ஜ் கெட்டுடும்" என்று காலை வரை ஆறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குண்டானோடு வைக்கச் சொல்லவில்லை. அகலமான தட்டில் பரப்பினால் அரை மணியில் ஆவி அடங்கிவிடும், மூடி உள்ளே வையுங்கள். மறுநாள் வேண்டிய அளவு மட்டும் எடுத்து ஒரே ஒரு முறை சுடவையுங்கள், மிஞ்சினால் மறுபடி உள்ளே வைக்காதீர்கள். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது ஃபிரிட்ஜ் வெறும் அலமாரிதான். அதை நம்பி உள்ளே இருந்ததைச் சாப்பிட்டவர்கள் உண்டு.

வாந்தி வந்துவிட்டால்? "ஒரு பாட்டில் ஏத்திடுங்க டாக்டர்" என்று கை நீட்டாதீர்கள். முக்கால்வாசிப் பேருக்கு ஓ.ஆர்.எஸ். போதும். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். பாக்கெட்டில் அளவு எழுதியிருக்கிறது, தயவுசெய்து படியுங்கள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். குடித்தது எதுவுமே தங்காவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், பிள்ளை எழுப்பினாலும் கண் சொருகிப் படுத்தால், கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால் உடனே கிளம்பி வாருங்கள். அரிதாக இந்தச் சோற்று நஞ்சு ஈரலையும் பதம் பார்க்கும்.

வரும்போது எத்தனை மணிக்குச் சமைத்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, கூட யார் யார் சாப்பிட்டார்கள் என்று யோசித்து வைத்துக்கொண்டு வாருங்கள். எனக்கு அது போதும். மிச்சக் குழம்பைத் தூக்குவாளியில் கொண்டுவந்து என் மேஜைமேல் திறந்து காட்ட வேண்டாம். போன மாதம் ஒருவர் காட்டினார்.