கருவோவியர்: கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல்

அனிமேஷன், சினிமா, வீடியோ கேம் என்று எந்த வேலையில் இருப்பவரிடம் பேசினாலும் 'கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட்' என்ற சொல் வந்துவிடும். ஒரு கதாபாத்திரம் எப்படி இருக்கும், அது வாழும் இடம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாத கட்டத்தில், அதை முதன்முதலாக வரைந்து காட்டுகிறவர் அவர். கையில் இருப்பது வெறும் கதை. முகம், நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அவர் வரைந்த படம் திரைக்கு வராது. அதைப் பார்த்து மற்றவர்கள் வரைந்ததுதான் வரும். அவர் பெயர் நமக்குத் தெரியாமல் போவதற்கு முதல் காரணம் அதுதான்.

டிஸ்னியில் வேலை பார்த்த ஓவியர் டைரஸ் வோங்கின் கதையைச் சொன்னால் இந்த வேலை என்னவென்று தெளிவாகப் புரியும். 1910இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் பிறந்தவர். சிறுவனாக அப்பாவுடன் அமெரிக்கா போனார். மை வாங்கக் காசில்லை. தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துப் பழைய செய்தித்தாளில் எழுதிப் பழகச் சொன்னார் அப்பா. எழுதிய கோடு காய்ந்தால் மறைந்துவிடும். மறுபடி எழுத வேண்டியதுதான்.

1938இல் டிஸ்னி ஸ்டுடியோவில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது கடைநிலை வேலை: அசைவின் இரண்டு முக்கிய ஓவியங்களுக்கு நடுவே வரும் சின்னச் சின்ன அசைவுகளை வரைந்து நிரப்புவது. அப்போது 'பாம்பி' என்ற மான்குட்டியின் கதையைச் சொல்லும் படத்துக்குக் காடு வரைந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வோர் இலையையும் ஒவ்வொரு கிளையையும் துல்லியமாக வரைந்ததால், மான்குட்டி அதற்குள் தொலைந்துபோனது. வோங் வீட்டில் உட்கார்ந்து சிறிய ஓவியங்கள் சிலவற்றைத் தீட்டிக் கொண்டுவந்தார். சீனாவின் சோங் அரசமரபுக் காலத்து நிலக்காட்சி ஓவியங்களை மனத்தில் வைத்து வரைந்தவை. பார்வை விழும் இடத்தில் மட்டும் கொஞ்சம் விவரம். ஓரங்களில் மரங்கள் பனிமூட்டமாகக் கரைந்துவிடும். நடுவே மான் நின்றால் கண் நேராக அதனிடம்தான் போகும். 1942இல் வெளிவந்த படத்தின் தோற்றம் முழுவதும் அந்தச் சிறு ஓவியங்களிலிருந்து பிறந்ததுதான்.

படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? 'பின்னணி' என்ற தலைப்பின் கீழ், பலரில் ஒருவராக. அதற்கு முன்பே, டிஸ்னி ஊழியர்களின் 1941 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, அவர் வேலையை விட்டு நீக்கப்பட்டிருந்தார். வேலைநிறுத்தத்தில் அவர் கலந்துகொள்ளவே இல்லை. டிஸ்னி நிறுவனம் அவருக்கு உரிய மரியாதை செய்தது 2001இல். அப்போது அவர் தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தார். 2016இல், 106 வயதில் காலமானார்.

அவருக்கு மட்டும் நடந்ததல்ல இது. டென்மார்க்கிலிருந்து வந்த கே நீல்சன், 'தி லிட்டில் மெர்மெய்ட்' கதைக்காக டிஸ்னியில் ஓவியங்கள் வரைந்து வைத்தார். படம் எடுக்கப்படவில்லை. 1957இல் வறுமையில் இறந்தார். அதே கதை 1989இல் படமானபோது, பழைய ஓவியங்கள் வெளியே வந்தன, அவர் பெயரும் திரையில் வந்தது. இறந்து முப்பத்திரண்டு ஆண்டு கழித்து! அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இரண்டாவது காரணம், இந்த வேலைக்கு நிலையான ஒரு பெயர் இல்லாததே என்று நினைக்கிறேன். வோங்குக்குப் 'பின்னணி' என்று போட்டார்கள். 'சின்ட்ரெல்லா'வின் நிறங்களுக்கு வழிகாட்டிய மேரி பிளேருக்கு 'நிறமும் பாணியும்'. நீல்சனுக்குக் 'காட்சி உருவாக்கம்'. 'ஸ்நோ ஒயிட்'டின் பொல்லாத ராணியை வடிவமைத்த ஜோ கிராண்ட், கதாபாத்திர மாதிரிகளுக்கென்றே ஒரு துறையை நடத்தினார். எந்தக் கோணத்திலிருந்தும் பார்த்து வரைய வசதியாகக் களிமண் பொம்மைகள் அங்கே செய்யப்பட்டன. அவருடைய கையெழுத்துச் சுருக்கம் இல்லாமல், கதாபாத்திரத்தை எப்படி வரைய வேண்டும் என்று காட்டும் எந்த மாதிரித்தாளும் செல்லாது. இன்று இவர்கள் எல்லோரையும் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் என்றே சொல்கிறோம்.

சரி, சொல்லுக்கு வருவோம். கான்செப்ட் என்பதன் வேர் லத்தீன். 'சேர்த்து' என்ற பொருளுள்ள முன்னொட்டும், 'எடு, பிடி' என்ற பொருளுள்ள 'காப்பெரே' என்ற வினையும் சேர்ந்து 'கொன்கிப்பெரே' ஆனது. உள்வாங்கிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். ரோமானியர்கள் இந்த ஒரே வினையை மனத்தில் எண்ணம் பிறப்பதற்கும் பெண் கருத்தரிப்பதற்கும் சொன்னார்கள். அனிமேஷனின் வேரும் லத்தீனே. 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். கருவில் தொடங்கி உயிரில் முடிகிற தொழில் இது.

தமிழில் என்ன சொல்வது? 'கருத்தோவியர்' என்பது சட்டென்று தோன்றும். ஆனால் பத்திரிகையில் வரும் அரசியல் கார்ட்டூனைக் கருத்துப்படம், கருத்தோவியம் என்று ஏற்கெனவே சொல்லிவருகிறோம். 'கருத்துரு ஓவியர்' என்றால், அரசு அலுவலகத்தில் கருத்துரு என்பது மேலிடத்துக்கு அனுப்பும் முன்மொழிவு. கோப்பு வாசனை அடிக்கும். 'கருத்துக் கலை' என்றால் 1960களில் வளர்ந்த வேறொரு கலை இயக்கத்தோடு குழம்பிப்போகும். அங்கே எண்ணமே கலைப்படைப்பு, ஓவியம் வரைய வேண்டும் என்றுகூட இல்லை. இலங்கைப் பாடநூல்களில் கான்செப்ட்டை 'எண்ணக்கரு' என்பார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஏனென்றால் லத்தீன் வேரில் இருக்கும் அந்தக் 'கரு' அதில் அப்படியே இருக்கிறது.

அந்தக் கருவை மட்டும் எடுத்துக்கொள்வோம். சினிமாக்காரர்கள் தினமும் 'கதைக்கரு' என்கிறார்கள். கருக்கொள்வது மேகத்துக்கும் உண்டு, தாய்க்கும் உண்டு, கற்பனைக்கும் உண்டு. தெருவும் ஓரமும் சேர்ந்து தெருவோரம் ஆவதைப் போல, கருவும் ஓவியமும் சேர்ந்தால் கருவோவியம். அதை வரைகிறவர் கருவோவியர். பன்மை கருவோவியர்கள். சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடுக்காது.

ஓர் எச்சரிக்கை மட்டும். ஸ்டோரிபோர்டு வரைபவரைக் கருவோவியர் என்று சொல்ல வேண்டாம். அவர் வரைவது காட்சிகளின் வரிசை. அது அடுத்த கட்டம். அதைக் 'கதைப்பலகை' என்றே சொல்லலாம். சில இடங்களில் இரண்டையும் ஒருவரே செய்வார், அப்போது இரண்டு பெயரையும் போட வேண்டியதுதான்.

இனி இந்தப் படங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது நான் இப்படித்தான் எழுதப்போகிறேன்: பாம்பி, 1942. கருவோவியர்: டைரஸ் வோங்.