அருங்காட்சியக இன்டர்ன்ஷிப்: ஆணை கைக்கு வராமல் போய் நிற்காதீர்கள்

மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கும் பெண் ஒருத்தி சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். மே மாத வெயிலில் இரண்டு பஸ் மாறி, மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்குப் பதினைந்து நாள் போய் வந்தவள். கோடை முகாமுக்கு வந்த பிள்ளைகளை உட்கார வைத்து, முதுமக்கள் தாழி என்றால் என்ன, பாண்டியர் காசில் மீன் ஏன் இருக்கிறது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சான்றிதழில் இருந்தது ஒரே வரி: ‘மேற்படி மாணவி இவ்வருங்காட்சியகத்தில் பயிற்சியில் பங்கேற்றார்.’ எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இல்லை. எத்தனை மணி நேரம் என்றும் இல்லை. கல்லூரித் தேர்வுப் பிரிவு திருப்பிக் கொடுத்துவிட்டது. மறுபடி அங்கே போனால், கையெழுத்துப் போட்ட அதிகாரி மாறுதலில் போய்விட்டார். ‘நான் வருவதற்கு முன்னால் நடந்ததற்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவது?’ என்று கேட்டிருக்கிறார் புதிதாக வந்தவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அலைந்தது அந்தப் பெண்தான்.

நான் அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். வருடா வருடம் பிள்ளைகளை அருங்காட்சியகங்களுக்கு அனுப்புகிறேன். வேலை சரியில்லை என்று திரும்பி வந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. காகிதம் சரியில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த இன்டர்ன்ஷிப் அரசு அறிவித்த தனித் திட்டம் ஒன்றுமில்லை. பல கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். அதற்குக் கிரெடிட் (பட்டம் வாங்கச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளி) உண்டு. எங்கே செய்வது என்பதை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகக் கல்வி என்று வைத்துக்கொண்டால், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்சிக்கூடத்தைச் சுற்றிக் காட்டுவது, வினாத்தாள் தயாரிப்பது, களிமண் பொம்மைப் பயிற்சிக்கு உதவுவது, விளக்கப் பலகையை எளிய தமிழில் எழுதித் தருவது, இவைதான் வேலை. எந்த அருங்காட்சியகமும் உங்களை எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் கிடையாது. அவர்கள் அனுமதித்தால் உண்டு. அதனால் எல்லாமே ஓர் அனுமதிக் கடிதத்தில், அதாவது ஆணையில், நிற்கிறது.

பணம் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை வரும் என்று நம்பிப் போகாதீர்கள். ‘மாதம் 5,000 ரூபாய் தருகிறார்களாமே’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். அது 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம். பெரிய கம்பெனிகளில் ஓராண்டுப் பயிற்சிக்கானது. தொடங்கியபோது இருந்த விதிப்படி 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு, அதுவும் முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கு மட்டும். உங்கள் பிள்ளை போகும் அருங்காட்சியகப் பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்காக இன்டர்நெட் சென்டரில் காசு கொடுத்துப் பதிவு செய்ய வேண்டாம்.

போக்குவரத்துச் செலவையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள். கல்லூரி பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் உள்ள தடத்துக்குத்தான். அருங்காட்சியகம் வேறு திசையில் இருந்தால் கண்டக்டர் இறக்கிவிடுவார். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லை, ஆனால் வெளியூர் பஸ்ஸில் அது செல்லாது.

அப்புறம், வாட்ஸ்அப்பில் ‘வீட்டிலிருந்தே மியூசியம் இன்டர்ன்ஷிப், சான்றிதழ் உறுதி’ என்று காசு கேட்கும் ஆட்களிடம் போகவே போகாதீர்கள். கல்லூரியில் கேட்பது நீங்கள் போய் வேலை செய்த இடத்தின் கடிதம். அருங்காட்சியகமே ஏதாவது கட்டணம் கேட்டால், கட்டுவதற்கு முன் அது எந்த உத்தரவின்படி என்று கேளுங்கள். கட்டினால் ரசீது வாங்குங்கள்.

எந்த அலுவலகத்துக்கு எழுதுவது?

பாதி அலைச்சல் இங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் மியூசியம். உள்ளே வேறு வேறு துறை. சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1851இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகம் மாநில அரசின் அருங்காட்சியகங்கள் துறைக்குச் சொந்தம். துறையின் இயக்குநரும் அதே பாந்தியன் சாலை வளாகத்தில்தான். கீழடி அருங்காட்சியகம் மாநிலத் தொல்லியல் துறையுடையது. அதன் தலைமை அலுவலகமும் எழும்பூரில்தான், ஆல்சு சாலைத் தமிழ் வளர்ச்சி வளாகத்தில். ‘எழும்பூர் ஆபீஸில் கொடுத்தேன் சார்’ என்று பிள்ளைகள் சொல்லும்போது எந்த எழும்பூர் என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறைக்குக் கீழ் வருகிறது. மதுரையில் இன்னும் குழப்பம். காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்துக்குள்ளேயே அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. ஒன்றின் பெயருக்கு எழுதி இன்னொன்றில் கொடுத்தால் யாரும் பதில் போட மாட்டார்கள். ‘இது எங்களுக்கு இல்லை’ என்றுகூட எழுதித் தர மாட்டார்கள்.

மனுவை எழுதுவதற்கு முன் ஒருநாள் டிக்கெட் எடுத்துக்கொண்டு சும்மா உள்ளே போங்கள். வாசல் பலகையில் எந்தத் துறை என்று பாருங்கள். காப்பாட்சியர் (அருங்காட்சியகத்தின் பொறுப்பு அதிகாரி) யார், அனுமதி கொடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா, சென்னைக்கு எழுத வேண்டுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். மாவட்டத்தில் ‘டைரக்டரிடம் வாங்கி வாருங்கள்’ என்பார்கள். சென்னைக்குப் போனால் ‘காப்பாட்சியர் பரிந்துரை எங்கே’ என்பார்கள். இரண்டையும் ஒரே மனுவில் முடித்துவிடலாம். பெறுநர் இடத்தில் இயக்குநர், அதற்குக் கீழே ‘வழி: காப்பாட்சியர்’ என்று எழுதுங்கள். நகல் ஒன்றை நேரடியாகச் சென்னைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

‘வரலாறு, தொல்லியல் படிப்பவர்களுக்கு மட்டும்’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் பழக்கம் ஒன்று உண்டு. நம்பிவிடாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொல்லியலோடு விலங்கியல், தாவரவியல், நிலவியல், மானிடவியல், நாணயவியல் பிரிவுகளும் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடமும் சிறுவர் அருங்காட்சியகமும் இருக்கின்றன. விலங்கியல் படிக்கும் பையன் ஒருவன் பாடம் செய்த பறவைகளின் முன்னால் நின்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதை வரலாற்று மாணவனால் சொல்ல முடியாது. ‘வரலாறு படிப்பவர்கள் மட்டும்’ என்று விதி இருந்தால் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். பணிவாகக் கேட்டாலே போதும். என் அனுபவத்தில் அப்படி ஒரு தாளை யாரும் எடுத்துக் காட்டியதில்லை.

கல்லூரியிலிருந்து வாங்க வேண்டிய கடிதம்

போனஃபைடு சான்றிதழ் மட்டும் போதாது. அதில் நீங்கள் அங்கே படிக்கிறீர்கள் என்றுதான் இருக்கும். கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதில் மாணவர் பெயர், பதிவு எண், பாடம், எத்தனை கிரெடிட், எத்தனை மணி நேரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த மாதிரி வேலை என்று தெளிவாக இருக்கட்டும். பெயர் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும், இனிஷியல் உட்பட. இனிஷியல் முன்னால் ஒரு தாளிலும் பின்னால் ஒரு தாளிலும் இருந்ததற்காக ஒரு பையனை மூன்று முறை அலைய விட்டார்கள்.

‘கல்விப் பணி’ என்ற சொல் கடிதத்தில் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் உங்களைப் பதிவேடு நகலெடுக்க உட்கார வைத்துவிடுவார்கள். கோடையில் பள்ளிக்கூடங்களிலிருந்து சுற்றுலா வருவது குறைவு. கோடை முகாம் எப்போது என்று கேட்டு அந்தத் தேதிகளை உங்கள் காலத்துக்குள் கொண்டுவாருங்கள். மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள். பல இடங்களில் அன்று பிள்ளைகளுக்கு ஏதாவது நடத்துவார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனுவைக் கொடுக்கும்போது இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ‘வைத்துவிட்டுப் போங்க, பார்த்துக்கறோம்’ என்றால் போகாதீர்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் மனு கொடுத்ததற்கே ஆதாரம் கிடையாது.

மணிக்கணக்கு

பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்குப்படி இன்டர்ன்ஷிப்பில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். இரண்டு கிரெடிட் என்றால் 60. உங்கள் சிலபஸில் வேறு மாதிரி இருந்தால் அதுதான் செல்லும். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணையுங்கள். அருங்காட்சியகத்தில் நாள் கணக்கு பேசுவார்கள், கல்லூரியில் மணிக்கணக்கு கேட்பார்கள். ‘இரண்டு வாரம்’ என்று ஆணை வாங்கியவர் கதையைப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டு வெள்ளி போனால் பன்னிரண்டு நாள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் சரியாக 60. ‘ஞாயிற்றுக்கிழமை எதுக்கும்மா வர்றே, வீட்ல இரு’ என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள். கேட்டுவிட்டால் 50 மணி நேரத்தில் நிற்பீர்கள். ஆணையிலேயே ‘60 மணி நேரம்’ என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், காய்ச்சல் வந்தால் தாங்கும்.

ஆணை வருவதற்கு முன்னால் ‘நாளையிலிருந்து வந்துடுங்க, ஆர்டர் அப்புறம் வரும்’ என்று கூப்பிட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆணைத் தேதிக்கு முந்தைய நாட்களைப் பிறகு யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஒரு மாணவனுக்கு ஆறு நாள் இப்படிப் போனது.

சான்றிதழைக் கடைசி நாளிலேயே வாங்கிவிடுங்கள். வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோங்கள்: ஆணை எண், தேதிகள், மொத்த மணி நேரம், செய்த வேலை, கையெழுத்திடுபவரின் பெயர், பதவி. அலுவலக முத்திரை வேண்டும். காட்சிக்கூடத்தில் கூட நின்று வேலை வாங்கிய ஊழியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கையெழுத்து செல்லாது.

பதிலே வராவிட்டால் ஒரு மாதம் கழித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போடலாம். ‘இன்ன தேதியில் பெறப்பட்ட என் மனு மீது என்ன நடவடிக்கை, இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது’ என்று மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவர்களே சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். முதலமைச்சரின் உதவி மையம் 1100க்கும் புகார் சொல்லலாம். ஆனால் இதற்குள் கோடை விடுமுறை முடிந்துவிடும். மே மாதம் போக வேண்டுமென்றால் ஜனவரியிலேயே மனு கொடுங்கள். ஏப்ரலில் தேர்வு முடிந்த பிறகு மனு எழுதுபவர்கள்தான் ஜூன் வரை அலைகிறார்கள்.

அந்தப் பெண்ணின் விஷயம் எப்படி முடிந்தது என்றால், வாசல் பக்கத்தில் மேஜை மேல் கிடந்த வருகைப் பதிவேடு காப்பாற்றியது. நீள அட்டை போட்ட பழைய நோட்டு. வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று மூன்று கட்டம். அவள் தினமும் அதில் எழுதியிருந்தாள். அந்தப் பக்கங்களின் நகலை வைத்து, ‘பதிவேட்டின்படி’ என்று ஒரு வார்த்தை சேர்த்துப் புதிய அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதினான்கு நாள், 70 மணி நேரம். பதினைந்தாம் நாள் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுக்கக் கூப்பிட்டதில் எழுதாமல் ஓடியிருக்கிறாள். அந்த நாள் கணக்கில் வரவில்லை.