ஏறிய மேடு இறக்கத்தில் திரும்ப வருமா?

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில் சைக்கிளில் ஊர் ஊராகப் போக நினைக்கிறவர்களை வரைபடம் முதலில் ஏமாற்றிவிடும். அங்கே ஆக உயரமான கிளீவ் ஹில்லே 330 மீட்டர்தான். ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர், மணிக்கு 20 கிலோமீட்டர் வீதம் மூன்று மணி நேரம், மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று மனம் கணக்குப் போடும். நானும் முதல் தடவை அப்படித்தான் போட்டேன். மேட்டில் இழந்த நேரத்தை இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது.

காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 10 நிமிடம். அடுத்த ஒரு கிலோமீட்டர் இறக்கத்தில் 30 வேகத்தில் வந்தால் 2 நிமிடம். இரண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் 18 வரும். ஆனால் உண்மையில் 2 கிலோமீட்டருக்கு 12 நிமிடம் ஆகியிருக்கிறது. சராசரி வேகம் 10தான். இறக்கத்தில் உயிரைப் பணயம் வைத்து 60 வேகத்தில் பறந்தால்? மிச்சமாவது ஒரே ஒரு நிமிடம். மேட்டில் நாம் கழிக்கும் நேரம் அவ்வளவு அதிகம். அதனால் இறக்கத்தில் எவ்வளவு முயன்றாலும் அந்த நேரத்தை ஈடுகட்ட முடியாது.

நேரம் போகட்டும், உடலின் உழைப்பாவது திரும்ப வருமா? ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதச் சரிவு என்றால் 100 மீட்டர் முன்னே போவதற்குள் 10 மீட்டர் மேலே ஏறுகிறோம் என்று பொருள். அதில் 6 கிலோமீட்டர் வேகத்தில் போக, புவியீர்ப்பை எதிர்ப்பதற்கு மட்டுமே ஏறக்குறைய 140 வாட் வேண்டும். பந்தயத்துக்குப் பழகாத ஒருவரின் கால்களால் மணிக்கணக்கில் சலிக்காமல் தர முடிவது நூறு வாட்டை ஒட்டித்தான். மேட்டில் மூச்சு வாங்குவதன் காரணம் இதுதான். இந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பு ஒரு பொருட்டே இல்லை. எடை ஒன்றுதான் எதிராளி.

இறக்கத்தில் ஆட்டம் மாறிவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் பைகளையும் மாட்டிக்கொண்டு பத்து சதவீதச் சரிவில் பிரேக்கைத் தொடாமல் விட்டால், மணிக்கு 55, 60 கிலோமீட்டர் வாக்கில் காற்றே பிடித்து நிறுத்திவிடும். ஏறும்போது சேர்த்த ஆற்றல் அத்தனையும் காற்றைக் கலக்குவதில் கரைகிறது. அப்படிப் பறக்கவும் அந்த ஊர்ச் சந்துகள் இடம் தராது. இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, ஒரு கார் மட்டுமே போகக்கூடிய அகலம், வளைவுக்கு அப்பால் டிராக்டரோ ஆட்டு மந்தையோ வரலாம். பிரேக்கைப் பிடித்தே ஆக வேண்டும். அப்போது அந்த ஆற்றல் பிரேக் கட்டையிலும் சக்கர விளிம்பிலும் சூடாக மாறுகிறது. எவ்வளவு சூடு? 85 கிலோ 100 மீட்டர் இறங்கும்போது வெளிப்படுவது ஏறத்தாழ 83 கிலோஜூல். கால் லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகச் சரியாக இவ்வளவுதான் தேவை. ஒரு கோப்பைத் தேநீருக்கான வெந்நீர்! நீண்ட இறக்கத்தின் அடியில் நிறுத்திவிட்டு விளிம்பை விரலால் தொட்டால் வெடுக்கென்று கையை எடுக்க வேண்டியிருக்கும்.

ஆக, மேடு வாங்கியதை இறக்கம் திருப்பித் தருவதில்லை. இந்த ஊரில் தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடக் கூடாது. ஒரு நாளில் மொத்தம் எத்தனை மீட்டர் ஏறப்போகிறோம் என்று பார்க்க வேண்டும். 330 மீட்டருக்கு மேல் போகாமலேயே, பள்ளத்தில் இறங்கி இறங்கி ஏறியதில் ஒரே நாளில் 1000 மீட்டர் ஏறிவிட முடியும். அதற்கு மேற்படி 85 கிலோவுக்கு 834 கிலோஜூல் வேலை. தசைகள் சாப்பாட்டின் ஆற்றலில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதியெல்லாம் உடல் சூடு. கணக்கிட்டால் ஏற்றத்துக்கு மட்டுமே ஏறக்குறைய 800 கிலோகலோரி சாப்பாடு வேண்டும். கிராமத்துத் தேநீர்க் கடையில் ஸ்கோனும் கிரீமும் ஜாமும் சாப்பிட யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி கியருக்கு வருவோம். கியர் வேலையைக் குறைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். 85 கிலோவை 100 மீட்டர் தூக்கும் வேலையை எந்தப் பல்சக்கரத்தாலும் குறைக்க முடியாது. அந்த வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுப்பதுதான் கியர். கியர் இல்லாத சாதாரண சைக்கிளில், முன்னே 46 பல், பின்னே 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்று வர வண்டி 5.4 மீட்டர் போகும். பத்து சதவீத மேட்டில் அதை மிதிக்க, சுற்று முழுவதும் சராசரியாக 43 கிலோ எடையளவு அழுத்தம் வேண்டும். ஆனால் சுற்று முழுவதும் கால் சமமாக அழுத்துவதில்லை. பெடல் மேலேயும் கீழேயும் இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றும் தருவதில்லை. நடுவில் அதை ஈடுகட்ட, உடல் எடை முழுவதையும் ஒவ்வொரு மிதியிலும் போட வேண்டிவரும். சீட்டை விட்டு எழுந்து நிற்பது அதனால்தான். முன்னே 28, பின்னே 34 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு வண்டி 1.7 மீட்டர்தான் நகரும். அழுத்தம் 14 கிலோ எடையளவாக இறங்கிவிடும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். உட்கார்ந்தபடியே, பேச்சுத் துணையோடு ஏறலாம்.

இந்த நாட்டுக் கிராமப்புறத்தை நீண்ட காலம் சுமந்தது வேறு ஒரு கியர். நாட்டிங்ஹாமில் 1902-ல் தொடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று வேக ஹப். நம் தாத்தாக்கள் பொத்திப் பாதுகாத்த ராலே சைக்கிளும் அதே நாட்டிங்ஹாமில் பிறந்ததுதான். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவே குடம் என்போமே, அதைப் போன்ற பின்சக்கரக் குடத்துக்குள் மொத்தப் பொறியும் அடங்கிவிடும். 1930களில் வந்த ஏ.டபிள்யூ. மாடலில் நடுவே 20 பல் சக்கரம் ஒன்று அச்சோடு அசையாமல் இருக்கிறது. அதைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள் கோள்களைப் போல உருளும். எல்லாவற்றுக்கும் வெளியே, உட்புறம் 60 பல் வெட்டிய வளையம். செயின் வளையத்தைச் சுழற்றி, கோள்களைத் தாங்கும் சட்டம் குடத்தைச் சுழற்றினால், நான்கு சுற்றுக்கு மூன்று சுற்றுதான் கிடைக்கும், அது மேட்டுக்கு. தலைகீழாக, செயின் சட்டத்தைச் சுழற்றி, வளையம் குடத்தைச் சுழற்றினால், மூன்று சுற்றுக்கு நான்கு கிடைக்கும். அது சமவெளிக்கும் பின்காற்றுக்கும். நடுக் கியரில் ஒன்றுக்கு ஒன்று. நடுக் கியரிலும் மேல் கியரிலும் மிதிக்கும்போது உள்ளே பிடிகள் வழுக்கி ‘டிக் டிக் டிக்’ என்று ஒலி வரும். கீழ்க் கியருக்கு மாற்றியதும் அது அடங்கிவிடும். மேட்டின் அடியில் அந்த ஒலி சட்டென்று நின்று, டயர் மண்ணில் உரசுவதும் பறவைகளும் மட்டும் கேட்கிற கணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

எங்கே மேடு வரும் என்பதைத் தீர்மானிப்பது நிலத்தின் அடியில் இருக்கும் பாறை. காட்ஸ்வோல்ட்ஸின் சுண்ணாம்புக்கல் ஜுராசிக் காலத்தில், 16, 17 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்தது. வழியில் காரையே இல்லாமல் அடுக்கிய கல்சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கல்லைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். மீன் சினை போலக் குட்டிக் குட்டி உருண்டைகள் தெரியும். கடலடியில் அலைக்கு உருண்டு உருண்டு சுண்ணாம்பு பூசிக்கொண்ட மணிகள் அவை. இரும்புச் சத்து கலந்ததால் தேன் நிறம்.

இந்தப் பாறை முழுவதும் சாய்த்துப் பிடித்த முறம் போலக் கிடக்கிறது. வடமேற்கில், செவர்ன் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி செங்குத்தான விளிம்பு. தென்கிழக்கே தேம்ஸை நோக்கி மெல்லத் தாழும் சரிவு. மழைநீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி இறங்கி, அடியில் களிமண்ணைத் தொட்டதும் போக வழியின்றி ஊற்றாக வெளியே வருகிறது. விளிம்பின் அடிவாரத்தில் பிராட்வே, ஸ்டான்டன், ஸ்டான்வே என்று கிராமங்கள் வரிசையாக அமைந்ததற்கு அந்தத் தண்ணீர் பெரிய காரணம். ஆகவே அடிவார ஊர்களைத் தொட்டுக்கொண்டு போனால் ஓரளவு சமமான பாதை. அங்கிருந்து குன்றைக் கடக்க நினைத்தால் கடும் ஏற்றம். மெல்லிய சரிவிலோ விண்ட்ரஷ், கோல்ன், ஈவன்லோட் ஆறுகள் பள்ளம் பறித்து ஓடுகின்றன. ஆற்றோடு போகிறவர்களுக்குச் சுகம். குறுக்கே போனால் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். போர்ட்டன்-ஆன்-த-வாட்டரிலிருந்து லோயர் ஸ்லாட்டருக்குப் பெரிய மேடு இல்லாமல் போய்விடலாம். அங்கிருந்து 240 மீட்டர் உயரத்து ஸ்டோ-ஆன்-த-வோல்டுக்குக் கால்கள் வேலை செய்ய வேண்டும்.

பழைய சந்துகள் மேட்டைச் சுற்றி வளைவதில்லை. நடையாளும் பொதிக்குதிரையும் போட்ட தடம், நேராக ஏறும். சுங்கச் சாலைகள் வந்த காலத்தில்தான் குதிரை வண்டிகளுக்காகச் சரிவைத் தணித்தார்கள். அதனால் கார் குறைவான அழகான வழிதான் பெரும்பாலும் செங்குத்தான வழி. பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் சாலை மேல் ஒரு அம்புக்குறி இருந்தால் 14 முதல் 20 சதவீதச் சரிவு. இரண்டு இருந்தால் அதற்கும் மேல். அம்பின் முனை இறக்கத்தைக் காட்டும். 1878-ல் தொடங்கிய சைக்கிள் பயணிகள் சங்கம், கார்களே வராத 1880களில், ஆபத்தான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகள் நட்டது. முன்பின் தெரியாத பயணிக்காகச் செய்த அந்தக் காரியத்தை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது.

இரண்டு அம்பு மேட்டில் இறங்கித் தள்ளுவதில் குறைச்சல் எதுவும் இல்லை. 20 சதவீதச் சரிவில் 3 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிக்கொண்டு நடந்தால், எடையைத் தூக்க ஆவது ஏறக்குறைய 140 வாட். பத்து சதவீத மேட்டை மிதித்து ஏறுவதும் அதேதான். 400 மீட்டருக்கு எட்டு நிமிடம். மெல்ல ஏறும்போது எதிர்காற்று இல்லாததால் குளிர்நாளிலும் முதுகு நனைந்துவிடும். மேலே போனதும் வியர்வை ஆறும் முன்பே சட்டைக்கு மேல் காற்றுத் தடுப்பு உடுப்பைப் போட்டு, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டுத்தான் ஸ்டான்வேயை நோக்கி இறங்க வேண்டும்.