48 பிட்டில் ஒரு குரல்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலிருந்து தொண்டிக்குக் கடல்வழியாக அளந்தால் 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் மலை இல்லை, கட்டடம் இல்லை, ஒரு பனைமரம்கூட இல்லை. இருந்தும் இரு கரைகளிலும் நின்று கையடக்க வானொலிக் கருவியில் பேசினால், சாதாரண நாளில் ஒன்றும் கேட்காது. மறைப்பது பூமியின் வளைவு. ஆண்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள்; அலை எட்டும் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைத்துவிடும். கையில் பிடித்த கருவிக்கு அது 5 கிலோமீட்டர்தான். இரு கரைகளிலும் 40 மீட்டர் உயரக் கம்பங்கள் நின்றால், தலா 26 கிலோமீட்டர் தொடுவானம் இரண்டும் சேர்ந்து கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்தில் நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரத்தின் உச்சிக்கோ தொடுவானம் 74 கிலோமீட்டர். ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள், உயரமான இடம் தேடி ரிப்பீட்டர் (வரும் அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) வைப்பதற்குக் காரணம் இதுதான்.

ராமநாதபுரம் கடற்கரையில் உரிமம் பெற்ற சிலர் சேர்ந்து டிஜிட்டல் குரலுக்கென்றே ஒரு சிறு மன்றம் நடத்துகிறோம். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "டிஜிட்டலுக்கு மாறினால் தொண்டி எட்டுமா?" என்பதுதான். எட்டாது. அலை போகும் பாதையை டிஜிட்டல் தொடுவதேயில்லை. அலையில் ஏற்றி அனுப்பும் பேச்சைத்தான் அது அடியோடு மாற்றிவிடுகிறது.

பழைய எஃப்.எம். முறையில் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே அலையின் அதிர்வெண்ணில் ஏறி இறங்கும். டிஜிட்டலில் குரல் எண்ணாக வேண்டும். டிஜிட்டல் தொலைபேசி இணைப்பகம் ஒரு விநாடிப் பேச்சை 8,000 முறை அளந்து 64,000 பிட்டுகளாக, அதாவது 0, 1 என்ற இலக்கங்களாக, எழுதுகிறது. ஹாம்களுக்குக் கிடைக்கும் குறுகிய அலைத்தடத்தில் அத்தனைக்கும் இடமில்லை. ஜப்பான் அமெச்சூர் வானொலிக் கழகம் உருவாக்கிய டி-ஸ்டார் முறையில் பேச்சுக்கு ஒதுக்கியிருப்பது விநாடிக்கு 2,400 பிட்டுகள். 26 பங்கில் ஒரு பங்குகூட இல்லை!

இவ்வளவு சுருக்கியும் பேச்சு புரிகிறது என்றால், அதற்குக் காரணம் குரலையே அனுப்பாததுதான். பாடகரை அனுப்பாமல் சுரக்குறிப்பை அனுப்பி, அந்தப் பக்கம் இருப்பவரைப் பாட வைப்பதைப் போன்ற வேலை இது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி 1930-களிலேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட்டார். தொண்டைநாண் அதிர்கிறது, வாயும் நாக்கும் மூக்கும் அந்த அதிர்வை வடிவமைக்கின்றன. வாயின் வடிவம் நொடிக்குள் ஆயிரம் முறை மாறுவதில்லை. ஆகவே 20 மில்லிவிநாடிக்கு ஒரு துண்டாகப் பேச்சை நறுக்கி, சுருதி எவ்வளவு, ஓசை எவ்வளவு, எந்தெந்த அதிர்வெண்களில் எவ்வளவு வலு, அங்கே இருப்பது தொண்டை அதிர்வா வெறும் காற்றொலியா என்று மட்டும் குறித்தால் போதும். டி-ஸ்டாரில் இந்தக் குறிப்பு ஒரு துண்டுக்கு 48 பிட்டுகள். மறுமுனைக் கருவி அதைப் படித்துப் புதிதாக ஒரு குரலை உண்டாக்குகிறது. நாம் கேட்பது நண்பரின் குரலைப் பற்றிய வர்ணனையிலிருந்து பிறந்த குரல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. மனிதக் குரல் ஒன்றே ஒன்று வரும் என்று எதிர்பார்த்து வடிவமைத்தது இது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பாம்பன் பாலத்தில் நின்று பேசிப் பார்த்தால் தெரியும். காற்று மைக்கின் துளையில் மோதி எழும் இரைச்சலை, அதுவும் பேச்சின் ஒரு பகுதி என்றே எண்ணிக் கருவி குறித்துக்கொள்கிறது. இருக்கிற 48 பிட்டுகளில் காற்றுக்கும் பங்கு போய்விடுகிறது, வார்த்தை குழைகிறது. டீசல் எஞ்சின் அருகே இன்னும் மோசம். எஞ்சினின் சீரான அதிர்வையே தொண்டைச் சுருதி என்று அது எடுத்துக்கொள்ளக்கூடும். எஃப்.எம்-மில் அதே இரைச்சல் பின்னணியில் ஒதுங்கி நிற்கும். நம் காது பேச்சைப் பிரித்துக்கொள்ளும். அதனால் எங்கள் பழக்கம் இதுதான்: காற்றுக்கு முதுகைக் காட்டு, மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்தை ஒட்டிப் பிடி, துளையின் மேல் மெல்லிய பஞ்சுத் துண்டு ஒன்றை ஒட்டு. விலையுயர்ந்த ஆண்டெனாவைவிட இந்தப் பஞ்சு பல சமயம் அதிகம் உதவும்.

அடுத்து, கடல். பாக் விரிகுடா ஆழமில்லாதது; அலை அடங்கிய நாளில் கண்ணாடிபோலக் கிடக்கும். ஆண்டெனாவிலிருந்து நேராக வரும் அலையும் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிய அலையும் ஒன்றையொன்று கூட்டவும் செய்யும், அழிக்கவும் செய்யும். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர். படகோ ஆளோ சற்று நகர்ந்தால் சமிக்ஞை திடீரென்று வலுக்கும், திடீரென்று விழும். விழுந்த அந்தக் கணத்தில் பல பிட்டுகள் சேர்ந்தாற்போல் கெடும்.

இதற்குத்தான் காவல் பிட்டுகள். 48 பிட்டுகளோடு இன்னும் 24 சேர்த்து 72 ஆக அனுப்புகிறது டி-ஸ்டார். 1949-இல் மார்செல் கோலே கண்டுபிடித்த பிழைதிருத்த முறை இதில் பயன்படுகிறது. 24 பிட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பில் எந்த மூன்று கெட்டாலும் அது சரிசெய்துவிடும். வியாழன், சனிக் கோள்களின் வண்ணப் படங்களை வாயேஜர் விண்கலங்கள் அனுப்பியதும் இதே முறையின் துணையோடுதான். சுருதி, ஓசை போன்ற முக்கியப் பிட்டுகளுக்கே இந்தக் காவல். நுணுக்கமான மற்றவை காவலின்றிப் போகும். அவை சற்றுக் கெட்டாலும் குரல் கரகரக்கும், அவ்வளவே. பிட்டுகளை வரிசை கலைத்து அனுப்புவதும் உண்டு. வழியில் அடுத்தடுத்துக் கெட்டவை, மறுமுனையில் வரிசையைத் திரும்ப அடுக்கும்போது தள்ளித்தள்ளி விழும். ஒவ்வொரு தொகுப்பும் தன் பங்கைத் திருத்திக்கொள்ளும்.

மூன்று பிழைவரை குரல் தெளிவாக இருக்கும். நான்கைந்து ஆனால் தொகுப்பே கைவிட்டுப் போகும். கருவி கடைசியாகச் சரியாக வந்த துண்டைத் திரும்ப ஒலிக்கும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். எஃப்.எம்-மில் தொலைவு கூடக்கூட இரைச்சல் மெல்ல ஏறும். எல்லை நெருங்குகிறது என்று காதுக்கே தெரிந்துவிடும். டிஜிட்டலில் அந்த முன்னறிவிப்பு இல்லை. புயல் நாளில் நம்பி நிற்கும் தொடர்புக்கு இது சின்ன விஷயமல்ல. டிஜிட்டலை எவ்வளவு நேசித்தாலும், ஒரு எஃப்.எம். அலைவரிசையை ஒப்புக்கொண்டு வைத்திருக்காத குழுவை நான் ஆயத்தமான குழு என்று சொல்லமாட்டேன்.

டி.எம்.ஆர். என்ற இன்னொரு டிஜிட்டல் குரல் முறை வேறு ஒரு வித்தை செய்கிறது. ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ் தடத்தை 30 மில்லிவிநாடித் துண்டுகளாக்கி, இரண்டு உரையாடல்களுக்கு மாறி மாறிக் கொடுக்கிறது. ஒரே ரிப்பீட்டரில் கீழக்கரையும் ஏர்வாடியும் ஒரு பக்கம், ராமேஸ்வரமும் தேவிபட்டினமும் இன்னொரு பக்கம் பேசலாம்.

எனக்குள்ள குறை வேறு. டி-ஸ்டாரும் டி.எம்.ஆரும் நம்பியிருக்கும் குரல் சுருக்கும் முறை ஒரு தனி நிறுவனத்தின் சொத்து, சில்லுக்குள் அடைபட்டது. கற்றுக்கொள்ளவும் சோதிக்கவும்தான் அமெச்சூர் உரிமம். அதன் நடுவில் திறக்கக்கூடாத பெட்டி ஒன்று இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆஸ்திரேலிய ஹாம் டேவிட் ரோ எழுதிய கோடெக் 2 என்ற குரல் சுருக்கும் நிரல் இந்தப் பெட்டியைத் திறந்துவிட்டது. அது எவரும் படிக்கக் கூடியது. போலந்தில் தொடங்கிய எம்17 என்ற டிஜிட்டல் குரல் முறை அதை விநாடிக்கு 3,200 பிட் வேகத்தில் பயன்படுத்துகிறது. சிற்றலை வானொலிக்கான ஃப்ரீடிவி விநாடிக்கு 700 பிட்டுகள்வரை இறங்குகிறது. 40 மில்லிவிநாடிப் பேச்சுக்கு 28 பிட்டுகள்!

இங்கே நமக்கென்று ஒரு வேலை காத்திருக்கிறது. ழ, ள, ண போன்றவற்றை ஒலிக்க நாக்கு மேலே மடியும்போது, வாயறை வலுவூட்டும் அதிர்வெண்களில் மூன்றாவது கீழே இறங்குகிறது. ல-வுக்கும் ள-வுக்கும் காது காணும் வேறுபாடு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பிட்டைக் குறைக்கும்போது முதலில் மங்குவது இப்படிப்பட்ட நுணுக்கங்கள்தான். ஒரு மடிக்கணினி போதும். வலி, வளி, வழி என்று மூன்று சொற்களைத் தேவிபட்டினத்துக்காரர் ஒருவரும் தொண்டிக்காரர் ஒருவரும் பேசிப் பதிந்து, 3,200-இலும் 700-இலும் சுருக்கி விரித்து, எது எது என்று தெரியாதவர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் எழுதுவதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து அதே சொற்களைக் கச்சான் காற்றில் பதிய வேண்டும். ராமநாதபுரத்துப் பாலிடெக்னிக் மாணவர் எவரும் ஒரு விடுமுறைக்குள் இதைச் செய்து முடிக்கலாம். இதற்கு உரிமம்கூடத் தேவையில்லை, அலையில் ஏறும்போதுதான் அது வேண்டும்.