மின்தடை: சொல்லும் கணக்கும்

மின்தடை என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பாதிக்குப் பாதி, எந்த ஊரில் எத்தனை மணி வரை கரண்ட் இருக்காது என்ற அறிவிப்புதான் வரும். மீதி இயற்பியல் பாடம். முதலாவதில் மின்சாரம் அடியோடு நின்றுவிடுகிறது. இரண்டாவதில் நிற்பதே இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் படிக்கிற பிள்ளைகள் குழம்பத்தானே செய்வார்கள்? கரண்ட் போவதைச் சொல்ல மின்வெட்டு, மின்நிறுத்தம் என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. மின்தடையை, மின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பான ரெசிஸ்டன்ஸுக்கே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

சொல்லின் பிறப்பு எளிது. தடு என்ற வினையோடு ஐ விகுதி சேர்ந்து தடை. கொடு கொடையானதும், விடு விடையானதும், எடு எடையானதும் இதே வழியில்தான். மின் என்பதற்கு ஒளிர்தல், மின்னல் என்பவை பழைய பொருள்கள். எலக்ட்ரிக் என்ற பொருளில் அது ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில்.

ரெசிஸ்டன்ஸின் வேர் லத்தீனில் இருக்கிறது. ரெசிஸ்டெரே என்றால் எதிர்த்து நிற்பது. நேராகப் பெயர்த்திருந்தால் ‘எதிர்ப்பு’ என்று வந்திருக்கும். ஒரு விதத்தில் அது பொருத்தமும்கூட: எதிர்த்து நிற்பவனைத் தள்ளிக்கொண்டு முன்னேறலாம், தடை என்றாலோ குறுக்கே சுவர் நிற்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் தடை நிலைத்துவிட்டது. அந்தப் பண்பு மின்தடை, அதற்கென்றே செய்து சுற்றில் மாட்டும் உறுப்பு மின்தடையம் என்று பிரித்துச் சொல்லவும் அது இடம்கொடுக்கிறது. ஈழத்துப் பாடநூல்களில் அந்த உறுப்பு ‘தடையி’. இன்னும் சிக்கனம்!

சரி, கணக்குக்கு வருவோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. 12 வோல்ட் மின்கலத்தோடு இணைத்த கம்பியில் 2 ஆம்பியர் ஓடினால், அதன் தடை 6 ஓம். அதே இரண்டு எண்களைப் பெருக்கினால் மின்திறன்: 24 வாட். வகுத்தால் தடை, பெருக்கினால் திறன். அவ்வளவுதான்.

அலகுக்குப் பெயர் தந்தவர் ஜெர்மானியரான கேயார்க் சைமன் ஓம். 1827இல் அவர் வெளியிட்ட நூலுக்கு சொந்த நாட்டில் பெரிய வரவேற்பில்லை. 1841இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்தது. இந்தப் பெயரில் ஒரு வேடிக்கை. ஒரு பொருள் மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பது தடைக்குத் தலைகீழ். அதனால் அதன் அலகுக்கும் ஓம் என்பதைத் திருப்பிப்போட்டு ‘மோ’ என்று பெயர் வைத்தார்கள். ஆங்கில எழுத்துகளை வைத்துச் செய்த விளையாட்டு இது. தமிழில் ஓ, ம் இரண்டையும் இடம் மாற்றி ஒட்டினாலும் மோ தான் வருகிறது! இப்போது அந்த அலகு சீமென்ஸ் ஆகிவிட்டது.

வகுத்தால் வருவது தடை என்பது வரையறை. அந்த ஈவு மாறாமல் இருக்கும் என்பதுதான் ஓம் விதி, அதுவும் வெப்பநிலை மாறாதவரை. இரண்டும் ஒன்றல்ல. 230 வோல்ட், 60 வாட் என்று அச்சிட்ட பழைய குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். 60ஐ 230ஆல் வகுத்தால் ஓட்டம் ஏறத்தாழ 0.26 ஆம்பியர். தடை சுமார் 880 ஓம் வரவேண்டும். பல்பைக் கழற்றி, தடையை அளக்கும் மல்டிமீட்டரில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. மீட்டரும் சரி, கணக்கும் சரி. மீட்டர் அளந்தது ஆறிய டங்ஸ்டன் இழையை. கணக்கில் வந்தது வெண்ணிறமாகக் கனன்று கொண்டிருக்கும் இழையின் தடை. சூடு ஏற ஏறத் தடையும் ஏறுகிறது. ஸ்விட்சைப் போட்ட கணத்தில் தடை குறைவு, ஓட்டம் அதிகம். பல்ப் பெரும்பாலும் அந்த நேரத்தில் ஃபியூஸ் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடை அதிகமானால் சூடும் அதிகம் என்று பலர் நினைப்பதுண்டு. ஒரே ஓட்டம் பாயும் தொடர் இணைப்பில் அது உண்மை. ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பமாகும் திறன் வரும் என்பது ஆங்கில இயற்பியலாளர் ஜூல் கண்டது. ஆனால் ஒரே மின்னழுத்தத்தில் தனித்தனியாக மாட்டும் கருவிகளில் கதை தலைகீழ். 230 வோல்ட்டில் 1000 வாட் எடுக்கும் ஹீட்டரின் தடை 53 ஓம்தான். பல்பின் தடையில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. தடுப்பு குறைந்தால் ஓட்டம் கூடும், கூடவே திறனும்.

இந்தத் திறன் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பவருக்குத் திறன், எனர்ஜிக்கு ஆற்றல். ஈழத்தில் பவர் வலு, எனர்ஜி சக்தி. பேச்சிலோ ‘சக்தி’ இரண்டுக்கும் பொது. ஆகவே கட்டுரையில் மின்சக்தி என்று கண்டால் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். வாட் என்றால் திறன். வாட்டோடு மணியும் ஒட்டியிருந்தால் ஆற்றல். அந்த ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி, அதாவது பில்லில் ஒரு யூனிட்.