குடைக்கோரையை வாங்கும் முன்பும் வளர்க்கும்போதும்

நாற்றுப்பண்ணைகளில் ‘அம்ப்ரெல்லா பாம்’ என்ற பெயரில் விற்கப்படும் செடியைப் பலரும் பனை இனத்தைச் சேர்ந்தது என்று எண்ணியே வாங்கிச் செல்கிறார்கள். மற்ற தொட்டிச் செடிகளைப் போலவே மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சில வாரங்களில் நுனிகள் பழுப்பேறி, தண்டுகள் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கியதும், செடிக்கு என்ன நோய், எந்த மருந்து தெளிக்க வேண்டும் என்று கேட்டு என்னைப் போன்ற தோட்ட ஆலோசகர்களை அழைக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நோய் எதுவும் இருப்பதில்லை. அது பனையும் அல்ல, புல்லும் அல்ல. வேர் எந்நேரமும் ஈரத்தில் இருக்க வேண்டிய ஒரு சதுப்பு நிலக் கோரை. இந்த அடையாளம் தெரியாததால் செடி வீணாவது ஒரு பக்கம். தெரியாமலேயே அதை ஏரிக்கும் ஓடைக்கும் அனுப்பிவிடுவது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை.

இந்தக் கட்டுரையில் அதைக் குடைக்கோரை என்றே குறிப்பிடுகிறேன். சுமார் 5,500 இனங்களைக் கொண்ட சைபெரேசி என்னும் கோரைக் குடும்பத்தில், நம் வயல் கோரைகளும் அடங்கிய சைபெரஸ் பேரினத்தைச் சேர்ந்தது இது. நாற்றுப்பண்ணைப் பலகைகளில் சைபெரஸ் ஆல்டர்னிஃபோலியஸ் என்று எழுதியிருப்பார்கள். மடகாஸ்கரைச் சேர்ந்த அந்த இனத்தின் பெயரில், ஆப்பிரிக்காவையும் அரேபியத் தீபகற்பத்தையும் தாயகமாகக் கொண்ட சைபெரஸ் இன்வாலுக்ரேட்டஸ்தான் தோட்டங்களில் பரவலாக வளர்க்கப்படுகிறது. வகைப்பாட்டாளர்களில் சிலர் இவ்விரண்டையும் ஒரே இனத்தின் இரு துணையினங்களாகவே கருதுகிறார்கள். வீட்டில் வளர்ப்பவருக்கு இந்த வேறுபாட்டால் மாறப்போவது எதுவுமில்லை.

அடையாளம் காண்பதைத் தண்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். கோரைகளின் தண்டு பொதுவாக முக்கோண வடிவில் இருப்பதால் விரலில் விளிம்புகள் தட்டுப்படும். குடைக்கோரையில் அந்த விளிம்புகள் சற்று மழுங்கியிருக்கும். குறுக்கே வெட்டினால் உள்ளே சோறு எனப்படும் வெண்மையான மென்மையான உட்பகுதி நிரம்பியிருக்கும். புற்களில் தண்டு பெரும்பாலும் உருண்டையாகவும் கணுக்களோடும், கணுக்களுக்கு இடையே உள்ளீடற்றும் இருக்கும். கோரையின் பூந்தண்டோ அடியிலிருந்து உச்சி வரை கணுவே இல்லாமல் ஒரே நீட்டாக ஓடும். புல்லின் இலையுறை ஒரு பக்கம் திறந்திருக்கும், கோரையின் இலையுறை தண்டைச் சுற்றி மூடிய குழாயாக இருக்கும். இலைகள் புல்லில் இரண்டு வரிசையாகவும் கோரையில் மூன்று வரிசையாகவும் அமைகின்றன.

குடைக்கோரையில் இந்தக் கடைசி அடையாளம் உதவாது. அதன் உண்மையான இலைகள் தண்டின் அடியில் வெறும் பழுப்பு உறைகளாகச் சுருங்கிவிட்டன. உச்சியில் குடைக் கம்பிகளைப் போல விரிந்திருப்பவை பூங்கொத்தைத் தாங்கும் பூவடியிலைகள். ஒரு தண்டின் உச்சியில் ஒரு டஜனுக்கும் அதிகமாக, தட்டையாகவும் கரும்பச்சையாகவும் இவை விரிந்திருக்கும். இவற்றின் நடுவிலிருந்து மெல்லிய காம்புகளில் தட்டையான சிறுகதிர்கள் தோன்றி, முதலில் வெளிர் பச்சையாக இருந்து, முதிரும்போது பழுப்பாகும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால், ஒவ்வொரு சிறுகதிரிலும் செதில்கள் எதிரெதிரே இரண்டு வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சைபெரஸ் பேரினத்தின் முக்கியமான அடையாளங்களில் இது ஒன்று.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் செடிகள் சில உண்டு. பண்டைய எகிப்தியர் எழுதுதாள் செய்த பாப்பிரஸ் இதன் நெருங்கிய உறவு; ஆனால் அதன் உச்சியில் நூல் போன்ற காம்புகள் நூற்றுக்கும் மேற்பட்டு அடர்ந்து தொங்கும், அகன்ற பூவடியிலைகளின் குடை அதில் இருக்காது. ஏரிக்கரையில் பழுப்பு நிறத் தடித்த கதிரோடு நிற்கும் சம்பு கோரையே அல்ல, வேறு குடும்பம். வெட்டிவேர் ஒரு புல். வயலில் உழவரைத் தொல்லைப்படுத்தும் கோரைக்கிழங்கும் சைபெரஸ்தான் என்பதால், வீட்டுக்குள் கோரையைக் கொண்டுவருவதா என்று கிராமத்துப் பெரியவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைத் தோண்டினால் கயிற்றில் கோத்ததுபோலத் தொடராக மணமுள்ள கிழங்குகள் கிடைக்கும். குடைக்கோரைக்குக் கிழங்கு கிடையாது, குட்டையான கட்டைபோன்ற வேர்த்தண்டுதான். எனவே தொட்டிக்குள் அது குத்தாகவே பருக்கும். நாற்றை வாங்கும்போது தொட்டியிலிருந்து மெல்லக் கழற்றி வேர்ப்பகுதியைப் பார்ப்பது நல்லது. விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஏனெனில் அந்தத் தொட்டி மண்ணில் கோரைக்கிழங்கும் சேர்ந்து வந்துவிட்டால் பிறகு தோட்டம் முழுவதும் களையெடுக்க வேண்டியிருக்கும்.

வளர்ப்பதற்கு இதைவிட எளிய நீர்ச்செடியை நான் அறியேன். அடியில் துளையில்லாத அகன்ற சிமெண்ட் தொட்டியோ கெட்டியான பிளாஸ்டிக் தொட்டியோ போதும். மெல்லிய மண்தொட்டிகளை வேர் பருத்து உடைத்துவிடும். ஏரி வண்டல் அல்லது களிமண் கலந்த தோட்டமண்ணே ஏற்றது. தென்னைநார்க் கழிவு நீரில் மிதந்து நாறும், தொழு உரம் அதிகமானால் பாசி பிடிக்கும் என்பதால் இரண்டையும் தவிர்க்கலாம். வேர்ப்பகுதிக்கு மேல் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீர் நின்றாலும் செடி தாங்கும். நீர் நிற்காவிட்டாலும் மண் சேறாக இருந்தால் போதும். முழு வெயிலிலும் வளரும் என்றாலும், சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் நுனி கருகும். பிற்பகலில் நிழல் விழும் இடமே நல்லது. ஈரம் குறையாமலேயே நுனி கருகினால் நீரின் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். கடலோரப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரிலும், ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரிலும் உப்பு கூடுதல். ஆர்.ஓ. கழிவை வீணாக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதையே நாள்தோறும் இந்தத் துளையற்ற தொட்டியில் ஊற்றினால், நீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.

புதுச் செடி உண்டாக்க, முதிர்ந்த குத்தைப் பிரித்து நடலாம். இன்னொரு வழி குழந்தைகளுக்கும் பிடிக்கும். பூவடியிலைகளோடு சில சென்டிமீட்டர் தண்டும் சேரும்படி உச்சியை வெட்டி, பூவடியிலைகளைப் பாதி நீளத்துக்குக் கத்தரித்து, தலைகீழாக ஒரு கிண்ணம் தண்ணீரில் மிதக்க விட்டால், சில வாரங்களில் அவை தண்டோடு சேரும் கக்கத்திலிருந்து வேரும் குருத்தும் புறப்படும். இயற்கையில் தண்டு சாய்ந்து உச்சி நீரைத் தொடும்போது நடப்பதும் இதுதான். இந்தச் செடி ஓடைகளில் எளிதாகப் பரவுவதன் காரணங்களில் ஒன்றும் இதுவே.

தேங்கிய நீர் என்றதும் கொசுவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, இத்தகைய தொட்டிகளின் உட்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டியே முட்டையிடுகிறது; அம்முட்டைகள் நீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மீண்டும் நனைந்ததும் பொரிக்கும். முட்டை முழுக் கொசுவாக நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது இதைவிட எளிது: மண்ணுக்கு மேல் ஜல்லியையோ கூழாங்கல்லையோ நிரப்பி, நீர்மட்டத்தைக் கல்லின் மேற்பரப்புக்கு இரண்டு விரற்கடை கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பரப்பு வெளியே தெரியாவிட்டால் கொசுப்புழு வளர இடம் அரிது; செடிக்கும் குறையில்லை. கப்பி மீன் விடுவதும் பயன் தரும், ஆனால் அது வெளிநாட்டு மீன் என்பதால் மிகுந்துபோனதைக் குளத்தில் கொண்டுபோய் விடக்கூடாது.

இதே ஜல்லி முறையைப் பெரிதாக்கி, குளியலறை நீரையும் துணி துவைத்த நீரையும் சுத்திகரிக்கும் படுகைகளில் கல்வாழையோடு குடைக்கோரையையும் நடுவது வழக்கம். செடியே அழுக்கை உறிஞ்சிக் குடித்துவிடும் என்று விளம்பரப்படுத்துவது மிகை. பெரும்பகுதி வேலையைச் செய்வது வேரின் மீதும் கல்லின் மீதும் படலமாக வளரும் நுண்ணுயிர்கள். செடி அவற்றுக்கு இடம் தருகிறது, சத்துகளில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிக்காமல் சமையலறை நீரை நேரே விட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். வெளிவரும் நீரை மரங்களுக்குப் பாய்ச்சலாம், பச்சையாக உண்ணும் கீரைக்கு வேண்டாம்.

இனி வேலிக்கு வெளியே உள்ள விஷயம். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட தென்னமெரிக்க ஆகாயத்தாமரை நம் ஏரிகளில் என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். குடைக்கோரை அந்த அளவுக்கு வேகமானது அல்ல. ஆயினும் ஆஸ்திரேலியா, ஹவாய், புளோரிடா போன்ற இடங்களில் தோட்டத்தைத் தாண்டி ஓடைக்கரைகளில் தானாக வளரத் தொடங்கிவிட்டது. விதை மிகச் சிறியது, நீரோடு போகும்; வேர்த்தண்டின் துண்டும் பிழைக்கும். ஆகவே வீட்டுப் பின்புறம் ஓடையோ வாய்க்காலோ ஏரிக்கரையோ இருந்தால் இதைத் தரையில் நடவே கூடாது என்பது என் கருத்து. தொட்டியில் இருந்தாலும் பூங்கொத்து பழுப்பாகும் முன்பே நறுக்கிவிடுங்கள். கழித்த தண்டுகளையும் வேர்க்கட்டைகளையும் மழைநீர் வடிகாலில் வீசாமல், சிமெண்ட் தரையில் சருகாகும் வரை காயவைத்த பின்பே உரக்குழியில் போடுங்கள். பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலங்களில் இயல்பாக வளரும் கோரைகளும் சம்பும் நீர்க்கோழிகளுக்கு மறைவிடமாகவும் உணவாகவும் இருக்கின்றன. அங்கே புதிய போட்டியாளர் ஒன்றைச் சேர்க்கத் தேவையில்லை.

நீர்நிலைக்கு அருகில் வசிப்பவர்கள் கோரைதான் வேண்டும் என்று கேட்டால் நான் பாய்க்கோரையைச் சொல்கிறேன். சைபெரஸ் பங்கோரை என்ற இந்த இனம் நம் மண்ணுக்கே உரியது. பத்தமடைப் பாய் நெய்வது இதன் தண்டில்தான், காவிரிக்கரையில் முசிறி, தொட்டியம் பகுதிகளில் இதைப் பயிராகவே செய்கிறார்கள். குடைபோல விரியாது, உச்சியில் சில இலைகளே இருக்கும். ஆனால் ஒரு மீட்டருக்கும் மேலாக நேராக எழும்பும் அடர்ந்த பச்சைத் தண்டுகளுக்குத் தனி அழகு உண்டு. நாற்றுப்பண்ணைகளில் கிடைப்பது அரிது என்பதால், பயிர் செய்யும் ஒருவரிடம் கேட்டு ஒரு குத்து வேர்த்தண்டை வாங்கி, சேற்றில் ஆழம் குறைவாக நட்டு, முதல் குருத்துகள் எழும் வரை மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.