சூரியகாந்தியைக் குட்டையாக்கும் மருந்து தண்டுக்குள் என்ன செய்கிறது?

"மருந்து தெளித்து சூரியகாந்தியைக் குட்டையாக வளர்க்கிறார்களாமே, அது செடியைப் பட்டினி போடுவது ஆகாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. அந்தச் செடிக்குச் சாப்பாடு குறைவதில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செய்தி மட்டும் குறைகிறது. அந்தச் செய்தி வேலை செய்யும் விதம், எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஒன்று.

உயரம் ஏன் தொல்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சூரியகாந்தி தன் பாரத்தையெல்லாம் உச்சியில் சுமக்கிறது. விதை முற்றும் நேரத்தில் மழையில் நனைந்த பூத்தலையைக் காற்று தள்ளினால், நீண்ட தண்டு நெம்புகோலாகி வேரையே பெயர்த்துவிடும். ஒரே பருமனுள்ள கம்பத்தின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், வளையாமல் அது தாங்கும் பாரம் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பது பள்ளியிலேயே காட்டக்கூடிய இயற்பியல். கொழுந்தைக் கிள்ளிவிடலாமே என்றால், ஒற்றைப் பூ விடும் ரகத்தில் அந்தக் கொழுந்துதான் பூவாக வேண்டும்.

மருந்து தெளித்த செடியையும் தெளிக்காத செடியையும் பக்கத்தில் நிறுத்தி இலைகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒரு இலைக் காம்புக்கும் அடுத்த காம்புக்கும் நடுவே உள்ள கணுவிடைதான் சுருங்கியிருக்கும். அதாவது செடி தன் கட்டங்களில் எதையும் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் செல்கள் நீண்ட அளவுதான் குறைந்திருக்கிறது. இலை கரும்பச்சையாகத் தெரிவதும் இதனால்தான். பச்சையம் சிறிய இடத்துக்குள் நெருங்கி நிற்கிறது.

செல்களை நீளச் செய்யும் பொருளின் பெயர் ஜிப்பரெல்லின். நெல் நாற்று திடீரென்று வெளிறி, ஒல்லியாக உயர்ந்து, பிறகு செத்துப்போகும் ஒரு நோய் உண்டு. ஜப்பானியர் அதை 'பக்கானே', அதாவது முட்டாள் நாற்று, என்பார்கள். 1926இல் குரோசாவா என்ற ஆய்வாளர், அந்த நோயைத் தரும் பூஞ்சையை வளர்த்து வடிகட்டிய வெறும் நீரே நாற்றை நீளச் செய்கிறது என்று காட்டினார். 1935இல் யபுடா என்ற வேதியியலாளர் அதிலிருந்த பொருளுக்கு ஜிப்பரெல்லின் என்று பெயரிட்டார். செடிகள் தாமாகவே இதைச் சுரக்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. பூஞ்சை நோயை ஆராய்ந்தவர்களிடம் "இதனால் சூரியகாந்திக்கு என்ன லாபம்?" என்று அன்றே கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால், இன்று இந்தக் கட்டுரைக்குப் பொருளே இருந்திருக்காது. உடனடிப் பயனைக் காட்டினால்தான் பணம் என்று சொல்லும் ஆய்வு நிதிக் கொள்கை எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

இப்போது செல்லுக்குள் போவோம். ஜிப்பரெல்லின் வந்து "வளர்" என்று கட்டளையிடுவதாகத்தான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. வளர்வதற்கான எல்லாமே செல்லில் தயாராக இருக்கிறது. டெல்லா என்ற புரதம்தான் அதைக் காவல்காரனைப் போல மறித்து நிற்கிறது. நீளச் செய்யும் மரபணுக்களை இயக்கும் புரதங்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜிப்பரெல்லினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தில் ஒரு குழி இருக்கிறது. 2005இல் நெல்லில் அதைக் கண்டுபிடித்தார்கள். ஜிப்பரெல்லின் போய் அந்தக் குழியில் உட்கார்ந்ததும், புரதத்தின் ஒரு பகுதி மூடியாக வந்து மேலே கவிந்துகொள்ளும். அப்படிக் கவிந்த மூடியின் மேற்புறத்தில்தான் டெல்லா வந்து ஒட்டும். திறந்திருக்கும்போது ஒட்டாது. ஒட்டியதும் டெல்லாவின் மேல் 'இதை அழி' என்ற அடையாளம் பொறிக்கப்படும். செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரம் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். காவல் போனதும் மரபணுக்கள் விழிக்கின்றன, செல் சுவர் நெகிழ்கிறது, உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் செல்லை நீட்டுகிறது. ஜிப்பரெல்லின் எதையும் வளர்க்கவில்லை. தடையாக நின்ற ஒருவனைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையிலும் இதே காவல்காரன்தான். அதில் டெல்லாவின் முன்பகுதி குறைபட்டிருப்பதால், ஏற்பியால் அதைப் பிடிக்க முடிவதில்லை. காவல் நீங்காமலே இருப்பதால் பயிர் குட்டையாக நிற்கிறது. இது 1999இல்தான் புரிந்தது. அந்தக் கோதுமைக்காக வேளாண் அறிஞர் போர்லாக் நோபல் பரிசு பெற்றதோ 1970இல்.

மருந்துகள் காவல்காரனைத் தொடுவதில்லை. காட்டிக்கொடுக்கும் பொருள் உருவாகாமல் பார்த்துக்கொள்கின்றன. ஜிப்பரெல்லின் பல படிகளில் தயாராகிறது. குளோர்மெக்வாட்டும் மெபிக்வாட்டும் தொடக்கப் படிகளில் நொதியை முடக்குகின்றன. பேக்லோபியூட்ரசால் நடுவில் மறிக்கிறது. டாமினோசைடும் டிரினெக்ஸபேக்கும் கடைசிப் படியில் கை வைக்கின்றன. எத்திபான் மட்டும் வேறு வழி. செடிக்குள் போனதும் அது சிதைந்து, தண்டின் நீட்சியைக் குறைக்கும் எத்திலீன் வாயுவாகிறது. ஜிப்பரெல்லின் உருவாவதைத் தடுக்கும் மருந்து தெளித்த செடிக்கு ஜிப்பரெல்லினைக் கொடுத்துப் பாருங்கள், மறுபடி நீளத் தொடங்கும். செடி பட்டினியில் இருந்தால் அப்படி எழுந்திருக்குமா?

தெளிக்கும் காலத்தில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. தண்டு வேகமாக நீளத் தொடங்கும் முன்பே மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். நீண்டுவிட்ட கணுவிடையைச் சுருக்க எந்த மருந்தாலும் ஆகாது. காலம் தவறினால் தண்டுக்குப் பதிலாகப் பூத்தலை அடிவாங்கும். பேக்லோபியூட்ரசாலை வேர் வழியாகக் கொடுத்தால் நீரோடு மேலேறும். ஆனால் மண்ணில் நீண்ட நாள் தங்கி, அடுத்த பயிரையும் குறுக்கிவிடக்கூடும். ஒரு கை கூட விட்டால் விளைச்சல் கூடும் என்று இதை டானிக் போல விற்பவர்களை நம்பாதீர்கள். இது ஊட்டமே இல்லை. உங்கள் நாட்டில் இந்தப் பயிருக்கு அனுமதி உண்டா என்று பார்த்து, லேபிளில் உள்ள அளவைத் தாண்டாமல் தெளியுங்கள்.

சூரியனைப் பார்த்துத் திரும்புவதற்கும் இதே நீட்சிதான் காரணம். இளம் செடியில் பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் அதிகம் நீள்வதால் தலை மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் நீள்வதால் விடிவதற்குள் கிழக்கே திரும்பிவிடுகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஜிப்பரெல்லின் குறைந்த குட்டைச் சூரியகாந்திகள் நீள்வது நின்றதும் திரும்புவதையும் நிறுத்தின. ஜிப்பரெல்லின் கொடுத்ததும் மறுபடி திரும்பத் தொடங்கின. நீங்களே பார்க்க வேண்டுமானால், இளம் தண்டின் கிழக்கிலும் மேற்கிலும் சம இடைவெளியில் மைப்புள்ளிகள் வையுங்கள். காலையிலும் மாலையிலும் அளவுகோலோடு போய் அந்த இடைவெளிகளை அளந்து பாருங்கள்.